குதிரையின் கிழிந்த நாணை ஊசி ஒட்டுமா? மீளுருவாக்க மருத்துவம் பற்றி ஒரு விளக்கம்

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்குப் போய் வந்தவர்கள் இரண்டு விதமான குதிரைகளைப் பார்த்திருப்பார்கள். ஒன்று, 1875இல் அமைந்த பந்தயத் திடலில் ஓடும் பந்தயக் குதிரை. மற்றது, கிரகரி வாவிப் பக்கம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வரும் மட்டக்குதிரை. முன்னதன் விலையும் பராமரிப்பும் வேறு, பின்னதன் நிலைமை வேறு. ஆனாலும் இரண்டுக்கும் கால் போனால் எல்லாம் போச்சு.

கால் போன குதிரைக்கு ஸ்டெம் செல் (வேறு கலங்களாக மாறக்கூடிய மூல உயிரணு) ஊசி போட்டால் புதுக் கால் போல ஆகிவிடும் என்ற பேச்சு இப்போது கைபேசிக் காணொளிகளில் நிறையச் சுற்றுகிறது. பேச்சில் பாதி உண்மை. வெளிநாடுகளில் இருபது வருடங்களுக்கும் மேலாக இந்தச் சிகிச்சை நடக்கிறது, சில காயங்களுக்கு நல்ல பலனும் கிடைத்திருக்கிறது. மறுபாதி தவறான நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் குதிரையை நொண்ட நொண்ட வேலை வாங்கிவிட்டு, அப்புறம் ஊசியைத் தேடுவதுதான் ஆபத்து. ஆகவே அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

குதிரையின் காலுக்குள் என்ன இருக்கிறது

குதிரையின் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே தசையே கிடையாது என்று சொல்லலாம். எலும்பு, அதன் பின்புறம் கயிறு போன்ற நாண்கள், மேலே தோல், அவ்வளவுதான். தசைகள் எல்லாம் மேலே இருந்துகொண்டு இந்த நீளமான நாண்கள் வழியாகக் குளம்பை இழுக்கின்றன.

முழங்காலுக்கும் கணுவுக்கும் நடுவில், காலின் பின்புறத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துப் பார்த்தால் இது தெரியும். முதலில் தட்டுப்படுவது வெளிநாண். அதற்கு உள்ளே, விரலை இன்னும் கொஞ்சம் அழுத்தினால், உள்நாண். அதற்கும் உள்ளே, எலும்பை ஒட்டினாற்போல் தாங்குநார். நல்ல காலில் இவை தனித்தனியாக, விளிம்பு தெளிவாக, கெட்டியாகத் தெரியும். குதிரைக்காரர்கள் இந்த நாணைப் பெரும்பாலும் நரம்பு என்றுதான் சொல்வார்கள், "நரம்பு இழுத்துக்கிருச்சு" என்பார்கள். வைத்தியருக்கு நரம்பு என்றால் உணர்ச்சியைக் கடத்துவது. இந்தச் சொல் குழப்பத்தாலேயே நரம்புக்கென்று மருந்தும் தைலமும் வாங்கிப் பூசுகிறவர்கள் உண்டு. காயம் பட்டிருப்பது நாணில்.

குதிரை நிற்கும்போது உடம்பின் எடையில் ஏறக்குறைய 60 வீதம் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. பாய்ச்சலில் ஓடும்போது ஒரு கணம் ஒரே கால் மட்டும் தரையில் ஊன்றியிருக்கும். அந்தக் கணத்தில் அந்தக் காலின் மீது உடம்பின் எடையைப் போல் இரண்டரை மடங்கு வரை இறங்குகிறது. வெளிநாண் அப்போது தன் நீளத்தில் 10 முதல் 16 வீதம் வரை இழுபடுவதாக அளந்திருக்கிறார்கள். அது அறுந்துபோகும் எல்லையும் அதற்கு மிகவும் பக்கத்திலேயே இருக்கிறது. சூடும் சேர்கிறது. ஒவ்வொரு காலடியிலும் இழுபட்டுச் சுருங்கும் நாணின் நடுப்பகுதி 45 பாகை செல்சியஸ் வரை சூடாவதை 1990களில் ஓடும் குதிரைகளிலேயே அளந்து காட்டினார்கள். இரத்த ஓட்டம் குறைவான இடம் என்பதால் அந்தச் சூடு எளிதில் வெளியேறாது.

எனவே நாண் பெரும்பாலும் ஒரே நாளில் அறுந்துவிடுவதில்லை. நார் நாராக உள்ளே நைந்துகொண்டே வந்து, ஒரு நாள் நடுவில் ஒரு பொந்து விழுகிறது. வெளியே பார்ப்பதற்கு நாண் வில் போலப் புடைத்திருக்கும். தொட்டால் சூடு, அழுத்தினால் குதிரை காலை இழுத்துக்கொள்ளும்.

தானாக ஆறினால் என்ன குறை?

நாண் தானாகவே ஆறும். இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ஊசி போட்டால்தான் ஆறும் என்று பலர் நினைக்கிறார்கள். குறை இருப்பது ஆறும் விதத்தில்.

கொழுந்துக் கூடையின் கயிறு நடுவில் நைந்து போனால் அதை முடிச்சுப் போட்டு மறுபடியும் தலையில் மாட்டலாம். கயிறு தாங்கும். ஆனால் முடிச்சுப் போட்ட இடம் விறைப்பாக இருக்கும், முன்பு போல இழுபடாது. பாரம் ஏறும்போது அந்த முடிச்சுக்கு மேலேயோ கீழேயோ உள்ள இடம்தான் அடுத்து நையும்.

நாணிலும் அதேதான். நல்ல நாணில் முதல் வகைக் கொலாஜன் என்ற புரத நார்கள் ஒரே திசையில், சீவி வாரிய கூந்தல் போல வரிசையாக ஓடும். கிழிந்த இடத்தை உடம்பு அவசரமாக அடைக்கும்போது மூன்றாம் வகைக் கொலாஜனை அள்ளிப் போடுகிறது. அது மெல்லியது, திசை தாறுமாறானது. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக முதல் வகைக்கு மாறும், ஆனால் பழைய அளவுக்கு முழுதாக வருவதில்லை. விளைவு ஒரு தழும்பு: பலமானது, ஆனால் விறைப்பானது. அந்தத் தழும்போடு பந்தயத்துக்குத் திரும்பும் குதிரைகளில் ஏறக்குறைய பாதிக்கு அதே காலிலோ மற்றக் காலிலோ மறுபடியும் காயம் வருவதாகப் பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன.

மீளுருவாக்க மருத்துவம் பிறந்தது இந்த இடத்தில்தான். ஆற வைப்பது அதன் நோக்கமல்ல. தழும்புக்குப் பதில் நாண் போன்ற நாணையே வளர வைப்பதுதான் நோக்கம். பல்லியின் வால் அறுந்தால் மறுபடி முளைப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் புது வாலுக்குள்கூடப் பழைய எலும்பு இருப்பதில்லை, குருத்தெலும்புக் குழாய்தான் இருக்கும். பல்லிக்கே அப்படி என்றால் குதிரையின் நாணிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்கலாம்.

மூன்று வழிகள்

மீளுருவாக்க மருத்துவம் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு சிகிச்சைகள் பேசப்படுகின்றன. காணொளிகள் இவற்றைக் கலந்து சொல்வதால்தான் பாதிக் குழப்பம்.

1. பிஆர்பி, அதாவது சிறுதட்டுகள் செறிந்த குருதித் திரவம். டெங்குக் காய்ச்சலில் குறைந்துவிட்டது என்று பயப்படுகிறோமே, அதே குருதிச் சிறுதட்டுகள்தான் இதன் மூலப்பொருள். குதிரையின் சொந்த இரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, சுழற்றும் இயந்திரத்தில் சுற்றி, சிறுதட்டுகள் செறிந்த பகுதியை மட்டும் பிரித்து, கிழிசலுக்குள் செலுத்துவார்கள். காயத்தை ஆற்றும் வேலையைத் தொடங்கி வைக்கும் வளர்ச்சிக் காரணிகள் சிறுதட்டுகளுக்குள் பொதிந்திருக்கின்றன. இதில் புதிய உயிரணு எதுவும் சேர்வதில்லை, உடம்பின் சொந்த வேலைக்கு ஓர் உந்துதல் மட்டும்தான்.

2. பதப்படுத்திய சீரம். இதுவும் சொந்த இரத்தம்தான். ஆனால் கண்ணாடி மணிகள் உள்ள குழாயில் 37 பாகையில் ஏறக்குறைய ஒரு நாள் வைத்திருப்பார்கள். அந்த மணிகளில் பட்ட வெள்ளையணுக்கள் அழற்சியை, அதாவது காயத்தில் வரும் சூட்டையும் வீக்கத்தையும், தடுக்கும் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. அந்தச் சீரத்தைப் பிரித்து மூட்டுக்குள் போடுவார்கள். இது பெரும்பாலும் மூட்டு வீக்கத்துக்கானது.

3. ஸ்டெம் செல். பாடசாலையில் கலம் என்று படித்தோமே, அதில் இது ஒரு தனி வகை. இன்னும் இன்ன வேலை என்று முடிவாகாத கலம். எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகியவற்றின் கலங்களாக மாறும் திறன் இதற்கு உண்டு. குதிரையின் மார்பெலும்பு அல்லது இடுப்பெலும்பின் மச்சையிலிருந்தோ (எலும்புக்கு உள்ளே இருக்கும் மென்மையான பகுதி), வால் அடிப்பக்கத்துக் கொழுப்பிலிருந்தோ எடுப்பார்கள்.

மூன்றில் அதிகப் பேச்சு ஸ்டெம் செல்லைப் பற்றியதுதான். அதனால் அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

எலும்பு மச்சையிலிருந்து நாணுக்கு

இலண்டனில் உள்ள ராயல் வெட்டரினரி காலேஜைச் சேர்ந்த ரோஜர் ஸ்மித்தும் அவருடைய குழுவினரும் 2003இல் ஒரு குதிரையின் சொந்த மச்சைக் கலங்களை அதன் வெளிநாணுக்குள் செலுத்தியதை வெளியிட்டார்கள். அவர்கள் வகுத்த முறையே பின்னால் பலருக்கும் வழியானது.

1. காயம் பட்ட சில நாட்கள் கழித்து ஸ்கேன் எடுக்கிறார்கள். வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கும் அதே அல்ட்ராசவுண்ட்தான், காலுக்கென்று சிறிய தலை. நல்ல நாண் திரையில் வெள்ளையாக, நுணுக்கமான கோடுகளாகத் தெரியும். கிழிசல் கரும்பொட்டாகத் தெரியும். முதல் நாளே பார்த்தால் பொட்டு சிறியதாக இருந்து ஏமாற்றலாம். ஒரு வாரம், பத்து நாளில் அது பெரிதாகிறது, அப்போதுதான் உண்மையான அளவு தெரியும்.

2. குதிரையை நிற்க வைத்தபடியே மயக்க மருந்து கொடுத்து, மரக்கச் செய்து, தடித்த ஊசியால் மச்சையை எடுக்கிறார்கள்.

3. ஆய்வுகூடத்தில் அதிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து இரண்டு மூன்று வாரம் வளர்க்கிறார்கள். மச்சையில் இவை மிக மிகக் குறைவு, வளர்த்தால்தான் போதுமான எண்ணிக்கை கிடைக்கும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒரு கோடி கலங்கள் தேவை.

4. ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே ஊசியை அந்தக் கரும்பொட்டுக்குள் கொண்டுபோய்ச் செலுத்துகிறார்கள். இது பொதுவாகக் காயம் பட்ட ஒரு மாத அளவில். முதல் அழற்சி அடங்கியிருக்க வேண்டும், தழும்பும் இன்னும் இறுகியிருக்கக் கூடாது.

5. அதன்பின் ஏறக்குறைய ஒரு வருடம் அளந்து கொடுக்கும் நடைப் பயிற்சி.

நான்காவது படியில் ஒரு விடயம் ஒளிந்திருக்கிறது. இந்தச் சிகிச்சைக்கு நாணின் நடுவில் ஒரு பொந்து வேண்டும், சுற்றிலும் நல்ல நார் அதற்கு உறையாக இருக்க வேண்டும். நாண் முழுதாக அறுந்துவிட்டாலோ, ஓரத்தில் கிழிந்திருந்தாலோ போட்ட கலங்கள் அங்கே தங்குவதில்லை. அதாவது எல்லாக் கிழிசலும் இந்த ஊசிக்கு ஏற்றதல்ல, ஸ்கேன் பார்க்காமல் எவராலும் இதைத் தீர்மானிக்கவும் முடியாது.

சொந்தக் கலத்தை வளர்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதால், வேறு குதிரைகளின் கலங்களை முன்பே வளர்த்து மருந்தாக விற்கும் முறையும் வந்துவிட்டது. குதிரை மூட்டு நொண்டலுக்கான ஆர்ட்டி-செல் ஃபோர்ட்டே 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி பெற்றது. நாண் காயத்துக்கும் தாங்குநார் காயத்துக்குமான ரெனுடெண்ட் 2022இல் அங்கே அனுமதி பெற்றது. இவை குதிரை இரத்தத்திலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை நாண் அல்லது குருத்தெலும்பு வழிக்குச் சற்றே திருப்பி வைத்துத் தயாரிக்கப்படுபவை.

போட்ட கலங்கள் என்ன ஆகின்றன?

செலுத்திய கலங்கள் அப்படியே நாணாக மாறிவிடும் என்றுதான் முதலில் எதிர்பார்த்தார்கள். கலங்களுக்கு அடையாளம் இட்டுப் பின்தொடர்ந்து பார்த்தபோது, சில நாட்களிலேயே பெரும்பாலானவை அந்த இடத்தில் இல்லை. பத்து நாள் கழித்து மிகச் சிலவே எஞ்சியிருந்தன.

ஆனாலும் பலன் இருக்கிறது. எனவே இப்போது வலுவாக நிற்கும் கருத்து வேறு: அந்தக் கலங்கள் இருக்கும் குறுகிய காலத்துக்குள் சில புரதங்களைச் சுரந்து அழற்சியைத் தணிக்கின்றன, அங்கே ஏற்கெனவே இருக்கும் நாண் கலங்களை ஒழுங்காக வேலை செய்யத் தூண்டுகின்றன. வந்து கல் அடுக்கும் கொத்தனாராக அல்ல, மேற்பார்வைக்கு வரும் கங்காணியாகத்தான் அவை வேலை செய்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் "புதுக் கால் முளைக்கும்" என்ற பேச்சு ஏன் தவறு என்பதும் புரியும். நாணைக் கட்டுவது குதிரையின் சொந்த உடம்பு. அதற்கு வேண்டிய காலத்தை எந்த ஊசியாலும் பெரிதாகச் சுருக்க முடியாது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 2012இல் வந்தது. மச்சை ஸ்டெம் செல் ஊசி போட்ட 113 பந்தயக் குதிரைகளை இரண்டு வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். மறுபடி காயம் பட்டவை 27.4 வீதம். முன்பு சொன்ன ஏறக்குறைய பாதி என்ற கணக்கோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம்தான்.

ஆனால் அந்த 113ஐப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவற்றில் 105 குதிரைகள் பிரித்தானியாவின் தடை தாண்டும் பந்தயக் குதிரைகள். அவற்றில் மறுகாயம் 25.7 வீதம். தடையில்லாத சமதளப் பந்தயத்தில் ஓடியவை வெறும் 8, அவற்றில் பாதிக்கு மறுகாயம். நுவரெலியாவில் நடப்பது சமதளப் பந்தயம். எட்டுக் குதிரையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, நல்லதையும் முடியாது, கெட்டதையும் முடியாது. ஆனால் 27 வீதம் என்ற அந்த எண்ணை அப்படியே எடுத்து நம் திடலுக்குப் பொருத்துவது சரியல்ல.

இன்னொரு குறையும் உண்டு. அந்த ஆய்வில் ஊசி போடாத குதிரைகளை அதே காலத்தில் அதே பயிற்சியில் வைத்து ஒப்பிடவில்லை, முன்பு வெளியான கணக்குகளோடுதான் ஒப்பிட்டார்கள். ஒரு வருடப் பயிற்சியை ஒழுங்காகச் செய்ததாலேயே ஓரளவு பலன் வந்திருக்கலாம் அல்லவா?

அந்தக் கேள்விக்கு ஒரு பகுதிப் பதில் 2013இல் வந்தது. இனி ஓட முடியாது என்று ஒதுக்கப்பட்ட 12 குதிரைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்டெம் செல், மறுபாதிக்கு வெறும் உப்பு நீர். இரு பக்கமும் ஒரே பயிற்சி. ஆறு மாதம் கழித்து நாணையே எடுத்துச் சோதித்தபோது, ஸ்டெம் செல் போட்ட நாண்கள் விறைப்புக் குறைந்து, நார் வரிசை ஒழுங்காகி, இயல்பான நாணுக்கு நெருங்கி இருந்தன. சிறிய ஆய்வுதான், ஆனால் ஒப்பீடு நேர்மையானது. ஸ்டெம் செல்லில் ஏதோ இருக்கிறது என்று நான் நம்புவதற்கு 113 குதிரைகளைவிட இந்த 12தான் காரணம்.

பிஆர்பி பற்றிய முடிவுகள் கலவையானவை. ஒவ்வொரு ஆய்வுகூடமும் தயாரிக்கும் முறை வேறு, சிறுதட்டுச் செறிவு வேறு என்பதால் ஒன்றோடொன்று ஒப்பிடுவதே கடினம். குருத்தெலும்பு தேய்ந்த மூட்டில் புதுக் குருத்தெலும்பு வளரும் என்ற வாக்குறுதியை இப்போதைக்கு நம்ப வேண்டாம். அங்கே கிடைப்பது பெரும்பாலும் வீக்கமும் வலியும் குறைவதுதான்.

மலையகத்தில் இது எங்கே நிற்கிறது

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் மலைநாட்டிலேயே இருக்கின்றன. அதைப் பெரிய வசதி என்று சொல்ல வேண்டும். ஆனால் நுவரெலியாவிலிருந்து பேராதனைக்கு இறங்குவது லபுக்கலை, ரம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாக எழுபது கிலோமீற்றருக்கும் மேல். நாண் கிழிந்த குதிரையை லொறியில் ஏற்றி அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் கொண்டுபோகும்போது, ஒவ்வொரு வளைவிலும் அது காயம் பட்ட காலை ஊன்றித்தான் தன்னை நிறுத்திக்கொள்ளும். காலுக்கு நன்றாகக் கட்டுப் போடாமல் ஏற்றினால் வழியிலேயே பொந்து பெரிதாகும்.

உறைநிலையில் வைக்கும் ஸ்டெம் செல் மருந்து திரவ நைதரசனில் வர வேண்டும். இது நமக்கு அந்நியமான விடயமல்ல. மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும்: சினை ஊசி போட வருபவர் கொண்டுவரும் குடுவையைத் திறந்தால் வெண்புகை எழும்புமே, அதே நைதரசன்தான். குண்டசாலையில் உள்ள செயற்கைச் சினைப்படுத்தல் நிலையம் காலங்காலமாக இந்தக் குளிரூட்டும் முறையில்தான் விந்தைப் பாதுகாத்து அனுப்புகிறது. ஆகவே குளிர்ச்சங்கிலி என்பது தீர்க்க முடியாத சிக்கல் அல்ல. சிக்கல் இருப்பது விலையிலும், குதிரை நாணைப் படித்துப் பழகிய கண்ணோடு ஸ்கேன் பார்ப்பவர்களின் எண்ணிக்கையிலும்தான். ஊசியை ஒரு மில்லிமீற்றர் தள்ளிப் போட்டால் ஒரு கோடிக் கலமும் நல்ல நாரைக் கிழித்துக்கொண்டு வீணாகப் போகும்.

என் கணிப்பில், இங்கே முதலில் பரவ வேண்டியது ஸ்கேன். சுழற்றும் இயந்திரம் சாதாரண மருத்துவ ஆய்வுகூடத்திலும் இருக்கும், எனவே சுத்தம் காக்கத் தெரிந்த வைத்தியர் கையில் பிஆர்பி அடுத்த படியாக வரலாம். ஸ்டெம் செல் அதற்கும் பிறகு. சுத்தம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நாணுக்குள்ளோ மூட்டுக்குள்ளோ கிருமி போனால் குதிரை கால் நொண்டியாவதோடு நிற்காது, உயிரே போகலாம்.

வாவிக் கரை மட்டக்குதிரையின் கதை வேறு

மேலே சொன்னதெல்லாம் பெரும்பாலும் பந்தயக் குதிரையின் காயம். வாவிக் கரையில் சவாரி போகும் மட்டக்குதிரை பாய்ச்சலில் ஓடுவதில்லை. அதன் கால் கெடுவது தேய்மானத்தால்: தார் வீதியில் நாள் முழுக்க நடை, குளம்பு நேரத்துக்கு வெட்டப்படாமை, தேய்ந்த லாடம், அளவுக்கு மிஞ்சிய பாரம்.

பாரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 வீதம், என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை. சேணமும் இதற்குள் அடக்கம். 250 கிலோ எடையுள்ள ஒரு மட்டக்குதிரைக்கு எல்லாம் சேர்த்து 50 கிலோ. ஒரு பிள்ளை ஏறலாம். வளர்ந்த ஓர் ஆணை ஏற்றினால் எல்லை தாண்டிவிடும். புகைப்படத்துக்காகத் தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து ஏறும் காட்சியை வாவிக் கரையில் பார்க்கும்போது மனது பொறுக்கவில்லை. அந்தக் குதிரைக்கு உலகத்தின் மிக நல்ல ஸ்டெம் செல்லைப் போட்டாலும் மறுநாள் அதே பாரம் ஏறினால் என்ன பயன்?

குதிரைக்காரர் மீது பழி போட்டுவிட்டு விலகவும் முடியாது. சீசனில் வரும் வருமானம் மழை மாதங்களுக்கும் சேர்த்துத்தான். ஒரே குதிரையை வைத்திருப்பவரிடம் பத்து மாதம் ஓய்வு கொடு என்றால் அவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே. ஆனால் நம் மலையின் காலநிலையே ஒரு வழியைத் தருகிறது. ஏப்ரல் முடிந்து தென்மேற்குப் பருவ மழை தொடங்கினால் சவாரிக்கு ஆள் குறைகிறது. குதிரைக்கு ஓய்வு கொடுக்க அதுவே நேரம். பிரச்சினை என்னவென்றால் அந்த மாதங்களில் குதிரைகளை அவிழ்த்து மேயவிடுவது நம் வழக்கம். காயம் பட்ட நாணுக்கு அது ஓய்வு ஆகாது. ஈரப் புல்லில் ஒரு வழுக்கல், நாய் துரத்த ஒரு துள்ளல், ஆறி வந்த நார் மறுபடி கிழியும்.

நொண்டத் தொடங்கிய நாளில்

ஸ்டெம் செல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், முதல் நாட்களில் செய்வது ஒன்றுதான். அதைச் சரியாகச் செய்தால்தான் பின்னால் வரும் எந்தச் சிகிச்சைக்கும் இடம் இருக்கும்.

1. அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். சூடு தணியட்டும், அப்புறம் நடக்கும் என்று இன்னொரு சவாரி வேண்டாம்.

2. குளிர்ந்த நீரைக் குழாயில் 20 நிமிடம் காலில் ஓட விடுங்கள், ஒரு நாளைக்குப் பல தடவை. நுவரெலியாக் குழாய்த் தண்ணீரின் குளிர் இதற்குப் போதும்.

3. தடித்த பஞ்சு வைத்து முழங்காலிலிருந்து குளம்பு வரை ஒரே சீராகக் கட்டுப் போடுங்கள். ஓர் இடத்தில் இறுக்கினால் அங்கே நாண் இன்னும் கெடும்.

4. வலி மாத்திரையை வைத்தியர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். வலி தெரியாத குதிரை காலை முழுதாக ஊன்றும்.

5. நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட அனுமதிக்காதீர்கள். வீக்கம் உடனே வற்றுவதைப் பார்த்து மகிழ்வீர்கள். ஆனால் அது நாரைப் பலவீனமாக்கும், உள்ளே சுண்ணாம்பு படியவும் வைக்கும்.

6. சூடு போடாதீர்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காலில் கோடு இழுக்கும் பழக்கம் மேலைநாட்டிலும் இருந்தது. பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1983இல் வெளியிட்ட ஆய்வு, சூடு போட்ட நாண் சூடு போடாததைவிட நன்றாக ஆறவில்லை என்று காட்டியது. சூட்டுக்குப் பிறகு கட்டாயமாகக் கொடுத்த ஓய்வுதான் இத்தனை காலமாகப் பலன் தந்தது, பேர் மட்டும் சூட்டுக்குப் போனது.

அதற்குப் பிறகு வருவது நடை. முதல் ஓரிரு வாரம் கொட்டிலில் ஓய்வு. பிறகு கயிற்றைப் பிடித்துக் கையோடு நடத்த வேண்டும், ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் என்று தொடங்கி வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். சமமான, கெட்டியான தரை வேண்டும். மலையில் அப்படித் தரை கிடைப்பது அரிது, அதனால் பந்தயத் திடலின் ஓரம் போன்ற இடங்களைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கும். மூன்று நான்கு மாதம் கழித்து ஸ்கேன் பார்த்துச் சில நிமிட ஓட்டநடை. ஆறு ஏழு மாதத்தில் மறுபடி ஸ்கேன், பிறகு மெதுவான ஓட்டம். பாய்ச்சலை நினைப்பது ஒன்பது மாதத்துக்குப் பிறகு, பந்தயத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம்.

இந்த நடை வெறும் பொழுதுபோக்கு அல்ல. புதிதாக உருவாகும் நார்கள் எந்தத் திசையில் அடுக்கப்பட வேண்டும் என்பதை, ஒவ்வொரு காலடியிலும் அவற்றின் மீது விழும் மெல்லிய இழுப்புத்தான் தீர்மானிக்கிறது. இழுப்பே இல்லாவிட்டால் தாறுமாறாக வளரும், கூடிவிட்டால் கிழியும். ஸ்டெம் செல் ஊசி போட்ட குதிரைக்கும் இதே அட்டவணைதான், இதில் ஒரு மாதம்கூடக் குறைத்துக் கொடுப்பதில்லை.

இந்த மாதங்களில் தினமும் காலையில், குதிரையைக் கொட்டிலிலிருந்து வெளியே கொண்டுவருவதற்கு முன், இரண்டு முன்னங்கால்களின் பின்புறத்தையும் விரலால் மேலிருந்து கீழே தடவிப் பாருங்கள். முதலில் நல்ல கால், பிறகு காயம் பட்ட கால். ஒன்றைவிட மற்றது சூடாக இருந்தாலோ, நேற்று இல்லாத புடைப்பு இன்று தட்டுப்பட்டாலோ, அன்றைக்கு நடை வேண்டாம், வைத்தியருக்குச் சொல்லுங்கள்.